நோட்டு யார் எழுதுவது?

அக்கார்டியனைத் தமிழர்கள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். எம்.எஸ். விஸ்வநாதனின் இசைக்குழுவில் மங்களமூர்த்தி என்றொரு அக்கார்டியன் கலைஞர் இருந்தார். அறுபதுகளின் பாடல்களில் பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் ஓடிவந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும் அந்த ஒலி நம் எல்லோருக்கும் பழக்கம். அது என்ன வாத்தியம் என்று கேட்டால் பாதிப் பேர் ஆர்மோனியம் என்பார்கள், மீதிப் பேர் ஆர்கன் என்பார்கள். திரையில் எப்போதாவது ஒரு கதாநாயகன் அதை மார்பில் மாட்டிக்கொண்டு வருவார். அவர் விரல் ஒரு பக்கம் ஓடும், இசை இன்னொரு பக்கம் ஓடும்.

ஆர்மோனியம் என்று சொல்வதும் முழுத் தப்பில்லை. இரண்டும் பங்காளிகள். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய உலோக நாக்கு. காற்று அதைத் தாண்டிப் போகும்போது அதிரும். இந்தச் சங்கதியைச் சீனர்கள் ஷெங் என்ற மூங்கில் குழல் வாத்தியத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பியர் கண்ணில் பட்டது. வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் 1829-இல் அக்கார்டியனுக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபாய்ன் 1840களில் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்தார். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதன் காலை வெட்டி, மிதிப்பதற்குப் பதில் கையால் துருத்தி போடுகிற மாதிரி மாற்றி, தரையில் உட்காரவைத்தார். பார்சி நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போய் அது தமிழ் நாடக மேடைக்கும் வந்து சேர்ந்தது. அதே பார்சிக் கம்பெனிகள் பினாங்குக்கும் கப்பலேறின. அவர்களைப் பார்த்துத்தான் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் பிறந்தது. ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தள்ளிவைத்த கதை பலருக்கும் தெரிந்ததுதான்.

சிங்கப்பூரில் அக்கார்டியனுக்கு இன்னொரு வீடும் உண்டு. மலாய் ஜோகெட் இசையில் வயலின், ரெபானா, கோங் இவற்றோடு அதுவும் உட்கார்ந்திருக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலி கல்யாண வீட்டு ஒலி. திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு அது கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒலி.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது இரண்டு டிக்கெட்டால். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் சீனத் தோழியின் அம்மா ஓர் அக்கார்டியன் குழுவில் வாசிக்கிறார். ஒரு சமூக மன்றத்து அரங்கில் நிதி திரட்டும் நிகழ்ச்சி, ஞாயிறு சாயங்காலம், டிக்கெட் 25 வெள்ளி. வேலையில் அடிபட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்புக்கு வருமானம் முழுக்கப் போகிறது என்று போஸ்டரில் போட்டிருந்தது. "நீதான் லிட்டில் இந்தியாவிலேயே கிடக்கிறாயே, உனக்குத் தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வா" என்றார் தோழி.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரை நான் புதுக்கோட்டை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கீரமங்கலம் பக்கம். கட்டுமான வேலை. இரும்புத் தகடு சரிந்து வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மூன்றாவது விரல் இருக்கிறது, மடங்காது. ரவல் ரோடு முனையில் ஒரு டீக்கடையில், மருத்துவமனை கொடுத்த ஆங்கிலக் காகிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டியதில் ஆரம்பித்த பழக்கம்.

வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு வாங்கச் சட்டம் இருக்கிறது. மனிதவள அமைச்சில் கோரிக்கையைப் பதிய வேண்டும். காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான், நிரந்தர ஊனம் இத்தனை விழுக்காடு என்று டாக்டர் எழுதுவார். அதற்குப் பல மாதம் ஆகும். நடுவில் வேலை அனுமதி ரத்தாகி ஸ்பெஷல் பாஸுக்கு மாறினால் வேலை செய்யக் கூடாது. முதலில் எம்சி, அப்புறம் லைட் டூட்டி, அப்புறம் தங்கும் இடத்தில் சண்டை, அப்புறம் ஸ்பெஷல் பாஸ் என்று அண்ணன் அந்தப் படிக்கட்டு முழுவதும் இறங்கி வந்திருந்தார். டிக்கெட் என் கைக்கு வந்த சமயத்தில் அவர் ஒரு வேளை சாப்பிட்டது அந்த மாதிரி ஓர் அமைப்பு கொடுத்த சாப்பாடு.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எனக்குக் காசு சேக்குறதுக்கு நானே போயி உக்காரணுமா? எந்த வரிசையில உக்காருவேன்?"

டிக்கெட்டில் 'எச்' வரிசை என்று போட்டிருந்தது. அதைச் சொன்னேன். வருகிறேன் என்றார்.

*

அக்கார்டியன் ஆர்கெஸ்ட்ராவை அதற்கு முன்னால் நான் நேரில் பார்த்ததில்லை. பெரிய அளவு பியானோ அக்கார்டியனில் வலது கைக்கு 41 கட்டைகள், இடது கைக்கு 120 பொத்தான்கள். பத்துக் கிலோவுக்கு மேல் எடை. வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை தாளத்தையும் அடிச்சுரத்தையும் பார்த்துக்கொள்ளும், நடுவில் துருத்தி மூச்சுவிடும். ஓர் ஆள் இருந்தால் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம். தனியாக நிற்பதற்கென்றே செய்த வாத்தியம் அது.

இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வரிசைச் சுரம்தான். முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடிச்சுரத்துக்குத் தனியாக ஒரு பாஸ் அக்கார்டியன். மற்றவர்களின் இடது கைப் பொத்தான்களுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அந்தக் கை துருத்தியை இழுக்கவும் அழுத்தவும் மட்டும். நடத்துநர் குச்சியை ஓங்கியதும் இருபது துருத்திகளும் ஒரே நேரத்தில் விரிந்தன. இசை வருவதற்கு முன்னாலேயே ஒரு பெருமூச்சு கேட்டது. "மாட்டுக் கொட்டாய்ல ராத்திரி கேக்குமே, அந்தச் சத்தம்" என்றார் அண்ணன் என் காதில்.

வாசித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அறுபதைத் தாண்டிய சீன ஆண்ட்டிகளும் அங்கிள்களும். இரண்டு பள்ளி மாணவர்கள். ஒரு மலாய்க்காரர். தோழியின் அம்மா, பள்ளிக்கூட நாளில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். வீட்டில் பியானோ வாங்க வசதி இல்லை, அக்கார்டியனைப் பள்ளியில் இரவல் கொடுத்தார்கள், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார். அன்று பியாசோலாவின் லிபர்டாங்கோ வாசித்தார்கள். ஒரு போல்கா வாசித்தார்கள். 'டி தஞ்சோங் காத்தோங்' வாசித்தபோது எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பாட்டி முழுப் பாட்டையும் கூடவே பாடினார். நடுநடுவே ஒன்றிரண்டு பேர் முந்தினார்கள், ஒன்றிரண்டு பேர் பிந்தினார்கள். அரங்கம் எல்லாவற்றுக்கும் கை தட்டியது.

இடைவேளைக்கு முன் விளக்கை மங்கலாக்கி ஒரு சின்ன வீடியோ போட்டார்கள். கட்டுப்போட்ட கை ஒன்று, பஞ்சு வைத்த கண் ஒன்று, வரிசையில் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் முதுகுகள். முகங்களைக் காட்டவில்லை. அதை யோசித்துத்தான் செய்திருந்தார்கள். பின்னணியில் ஒரே ஓர் அக்கார்டியன் மெதுவாக வாசித்தது. அண்ணன் தன் வலது கையை எடுத்து இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். விளக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை.

வெளியே மைலோவும் கறி பஃப்பும் வைத்திருந்தார்கள். நன்கொடைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் ஸ்கேன் செய்து பணம் அனுப்ப ஓர் அட்டை. எல்லோரும் வந்து போட்டார்கள், போனைக் காட்டினார்கள், போனார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப இயல்பாகக் கேட்டார்:

"நோட்டு யாரு எழுதறா?"

*

அவருடைய ஊரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி புரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி என்று அந்த வட்டாரம் முழுக்க ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். பணத் தேவை உள்ளவர் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுவார். சில சமயம் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஆட்டுக்கறி, இலைச் சாப்பாடு. வாசலில் மேசை போட்டு, ஒருவர் பணத்தை வாங்க, ஒருவர் பேரையும் தொகையையும் நோட்டில் எழுதுவார். பெரிய விருந்துகளில் இப்போது பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பிச் செய்தால் பழைய நடை, அதற்கு மேல் கூடுதலாகப் போட்டால் புது நடை. நோட்டில் இருப்பது நன்கொடையும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. அவர் வீட்டு விருந்துக்கு நீ இதைவிடக் கொஞ்சம் கூடச் சேர்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பொதுவாக ஒரு குடும்பம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விருந்து வைக்கும்.

ஆர்.வி. உதயகுமாரின் 'சின்னக் கவுண்டர்' (1992) பார்த்தவர்களுக்கு, கதாநாயகி கடனை அடைக்க மொய் விருந்து வைக்கும் காட்சி ஞாபகம் இருக்கும். இலை போட்டு வைத்துவிட்டு, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்து நிற்பது. அந்தக் காட்சியில் பதைப்பு இருக்கிறது. ஆனால் யாசகம் இல்லை. காரணம், அவள்தான் அந்த வீட்டுக்காரி. வருகிறவர்கள் அவளுடைய விருந்தாளிகள்.

அண்ணன் சொன்னதும் இதைத்தான். இடைவேளை முடிந்து உள்ளே போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டோம். உள்ளே ஏதோ ஒரு வால்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது. "எங்க ஊர்ல காசு வாங்குறவன்தான் தம்பி இலை போடுவான். 'வாங்க, வாங்க, உக்காருங்க, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா'ன்னு அவன்தான் கேப்பான். காசு கொடுக்க வந்தவன் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, நோட்டுல பேர் எழுதிட்டுப் போவான். இங்க பாட்டும் அவங்களே வாசிக்கிறாங்க, பஃப்பும் அவங்களே தர்றாங்க, காசும் அவங்களே போடறாங்க. அப்ப நான் எதுக்கு?"

மொய் விருந்தைப் புனிதமாக்கிச் சொல்ல அவரே விடமாட்டார். அவர் சிங்கப்பூர் வந்ததற்கு ஏஜென்ட் கடன் ஒரு காரணம் என்றால், ஊர் நோட்டுகளில் அவர் பெயருக்கு நேரே நின்ற நடை பாக்கி இன்னொரு காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னை முழுக்கச் சாய்ந்த பிறகு, வர வேண்டிய மொய் வராமல், செய்ய வேண்டிய மொய்யும் செய்ய முடியாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களில் அவரும் ஒருவர். "அந்த நோட்டு தூங்க விடாது தம்பி" என்றார். "ஆனா அந்த நோட்டுல என் பேரு இருக்கு. நான் இன்னாருன்னு இருக்கு."

*

நிதிக்காக இசை நிகழ்ச்சி நடத்துவது பழைய பழக்கம். ஹாண்டலின் 'மெசையா' முதன்முதலில் மேடையேறியதே அப்படித்தான். 1742 ஏப்ரல் 13, டப்ளின். வருமானம் இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனைக் கட்ட முடியாமல் சிறையில் இருந்தவர்களுக்கும் போனது. 142 பேர் விடுதலையானார்கள் என்பது வரலாறு. கூட்டம் அதிகம், இடம் கொஞ்சம் என்பதால் பெண்கள் பாவாடை வளையம் போடாமலும் ஆண்கள் வாளைக் கட்டாமலும் வரச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தார்களாம். அந்த 142 பேரில் ஒருவருக்கும் அந்த இசை கேட்டிருக்க வாய்ப்பில்லை. வெளியே வந்த ஒருவர், தன் கதவைத் திறந்தது எந்தப் பாட்டு என்று என்றைக்காவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாரா? அண்ணனோடு படியில் உட்கார்ந்திருந்த பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது.

இந்த நகரத்துக்கு வேறு ஒரு ஞாபகமும் உண்டு. ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்கு முன்னால், நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் பழைய வாசலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1923-இல் திறந்த பூங்கா. பங்சாவான், சீன நாடகம், குத்துச்சண்டை, காபரே எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தது. செராங்கூன் ரோட்டுத் தமிழர்களுக்கு நடந்து போகிற தூரம். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் பாட்டையும் கூத்தையும் வைத்து நிறையப் பணம் திரட்டியிருக்கிறது. 1938 இறுதியில் வூஹான் பாடகர் குழு இங்கே வந்து, மலாயா முழுக்கப் பாடி, சீனப் போர் நிவாரண நிதிக்குக் காசு சேர்த்தது. ஐம்பதுகளில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்டப் பணம் திரட்டியபோது டான் லார்க் சாய் மாதிரிப் பெரிய முதலாளிகள் கொடுத்தார்கள். அதே நிதிக்கு 1954-இல் டிரைஷா ஓட்டுநர்கள் ஒரு நாள் சவாரிக் காசைக் கொடுத்தார்கள். முடிவெட்டுகிறவர்கள் கொடுத்தார்கள். காபரே நடனப் பெண்கள் அந்த நிதிக்காகவே ஆடினார்கள்.

தமிழர்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே வரப்போகும் இந்தியவியல் துறையில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்ற சண்டை எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. துறைமுகத் தொழிலாளியும் கொடுத்தார், தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரும் கொடுத்தார். 1956-இல் துறை வந்தது. அந்த நிதி தமிழ் நூலகத்துக்குப் புத்தகங்களாக மாறியது.

டிரைஷாக்காரர் தானே அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போவதில்லை. பால்மரம் வெட்டியவர் அந்த நூலகத்தின் படியைக்கூட மிதித்திருக்க மாட்டார். ஆனால் அங்கே கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஒரு வெள்ளி கொடுத்தவருக்கு அந்தத் துறை தன்னுடையது. மொய் நோட்டில் இருப்பதும் இதே கணக்குதான். இன்று வாங்குகிறவர் நாளைக்குக் கொடுப்பார், அதனால் இன்றைக்கே அவர் கொடுக்கிற ஆள்.

இன்றைய வெளிநாட்டு ஊழியருக்கு அந்த நாளைக்கு என்பது இங்கே கிடையாது. அதுதான் சிக்கல். அவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் அனுமதியில் இருக்கிறார். திருப்பிச் செய்ய அவருக்கு இந்த ஊரில் ஒரு வீடோ வாசலோ பந்தலோ இல்லை. லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008 முதல் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில், வேலையில்லாமல் காத்திருக்கும் ஊழியர்களுக்கு உணவகத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறது. உட்காரவைத்து என்பதை நான் சும்மா எழுதவில்லை. மேசையில் தட்டு வைத்து, மற்ற வாடிக்கையாளர் மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவது ஒன்று, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடைபாதையில் ஓரம் தேடுவது வேறொன்று. கொடுக்கிற விதத்தில் நல்ல மனிதர்கள் எவ்வளவோ யோசிக்கிறார்கள். வாங்குகிறவர் திரும்ப என்ன கொடுக்கலாம் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

அந்த அக்கார்டியன் குழுவை நான் குறை சொல்லவில்லை. முதுகு வலியோடு பத்துக் கிலோவைச் சுமந்துகொண்டு பல மாதம் ஒத்திகை பார்த்தவர்கள். பெட்டியில் சேர்ந்த காசு உண்மையான காசு, அதில் வந்த சோறு உண்மையான சோறு. நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது தோழியின் அம்மா அண்ணனிடம் வந்து ஆங்கிலத்தில் பிடித்திருந்ததா என்று கேட்டார். அண்ணன் பதிலுக்கு, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கையால் காட்டினார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. கழற்றி அவர் தோளில் மாட்டிவிட்டார். அண்ணன் இடது கையால் துருத்தியை மெதுவாக இழுத்தார். வலது கையில் மிச்சமிருந்த விரல் ஒன்றை ஒரு கட்டையில் வைத்தார். இழுக்கும்போது ஒரு சுரம் வந்தது. அழுத்தும்போதும் அதே சுரம்தான் வந்தது. பியானோ அக்கார்டியன் அப்படித்தான், உள்ளே போகிற காற்றுக்கு ஒரு நாக்கு, வெளியே வருகிற காற்றுக்கு ஒரு நாக்கு, இரண்டும் ஒரே சுருதி. அவர் நாலைந்து முறை இழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல வெயிட்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

*

சில மாதம் கழித்து அண்ணனின் இழப்பீட்டுக் கோரிக்கை முடிந்தது. கேட்ட தொகை வரவில்லை, ஏதோ ஒரு தொகை வந்தது. புதன்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிறு, ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். ஊர்க்காரர்களும் கூட வேலை பார்த்தவர்களுமாகப் பதினோரு பேர். யாராவது ஊருக்குப் போகும்போது ஆளுக்குப் பத்து இருபது சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். கவர் தயாராகத்தான் இருந்தது. அண்ணன் அதை வாங்க மறுத்துவிட்டார்.

"மொதல்ல உக்காருங்க" என்றார்.

தேக்கா சந்தையில் காலையிலேயே வாழையிலை வாங்கி வைத்திருக்கிறார். பிரியாணி, தால்சா, வெங்காயப் பச்சடி எல்லாம் அவர் காசு. நாளிதழை விரித்து, அதன் மேல் இலை போட்டு, எல்லோரையும் உட்காரவைத்தார். வலது கையில் கரண்டி நிற்கவில்லை. ஒருவர் எழுந்து வாங்கப் போனார். "நீ உக்காரு மாப்ள" என்று அதட்டிவிட்டு, கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கரண்டியை இடுக்கிக்கொண்டு அவரே பரிமாறினார். சோறு கொஞ்சம் புல்லில் சிந்தியது. எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு, முஸ்தபாவில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். "என் கையால எழுத முடியாது. நீங்க எழுதுங்க தம்பி."

எழுதினேன். பெயர், ஊர், தொகை. பட்டுக்கோட்டைக்காரர் 50 வெள்ளி. அறந்தாங்கிக்காரர் 20. பங்களாதேஷ் தம்பி ஒருவர் 10, அவர் ஊர்ப் பெயரை மூன்று முறை கேட்டு எழுதினேன். எனக்கும் ஒரு வரி. எல்லாம் முடிந்ததும், "இன்னும் இருக்கு" என்றார். பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். தேதி தேதியாகக் குறி போட்டிருந்தார்.

"நாப்பத்தி மூணு சாப்பாடு. எழுதுங்க."

"யார் பேருக்கு அண்ணே?"

"அந்த ஆபீஸ் பேருக்கு. அதுக்குக் கீழ பெட்டி வாசிச்சவங்க. அவங்க சேத்த காசுல எனக்கு எவ்வளவு வந்துச்சுன்னு தெரியாது. தொகை போட வேணாம். பேரு மட்டும் போடுங்க."

"இது பழைய நடையா, புது நடையா?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "புதுசுதான். அவங்களுக்கு நான் முன்ன எதுவும் செஞ்சதில்லையே. இனிமேதான் செய்யணும்."

பதினோரு பேரில் யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் எழுந்து இலைகளை மடித்துக் குப்பைப் பையில் போட்டார். எதிர்ப்பக்கம் தங்குவிடுதி பஸ்களுக்கு வரிசை நீள ஆரம்பித்திருந்தது. நோட்டை மூடப் போனபோது அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவங்க அட்ரஸையும் எழுதிடுங்க தம்பி. ஆடியில நம்ம வீட்ல விருந்து வெச்சா பத்திரிகை அனுப்பணும்."

போனில் தேடி, சமூக மன்றத்தின் பெயர், தெரு, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.